அஞ்சு கிலோ இருநூறு

தொம்மைக்கு அறுபத்து மூன்று வயது. அவருக்குக் கிட்டார் சொல்லிக்கொடுக்கும் எமல்டா டீச்சருக்கு அதில் பாதிதான். நாற்பது வருடம் காதால் கேட்டதை வைத்தே தூத்துக்குடிக் கச்சேரிகளில் வாசித்த மனிதர், அறுபது தாண்டித்தான் முறையாகக் கற்றுக்கொள்ள டீச்சரிடம் போய் உட்கார்ந்தார்.

மாதா கோயில் திருவிழாவுக்குப் பத்து நாள் இருந்தது. அங்கே பாடற்குழுவை நடத்துவதும் டீச்சர்தான். பாடற்குழு நிற்கிற மாடத்தில் நாற்காலி போட இடம் கிடையாது. கிட்டார்க்காரர் மூன்று மணி நேரம் நின்றேதான் வாசிக்க வேண்டும். தொம்மையின் கிட்டார் கழுத்து முறிந்து கிடந்தது. அவருடைய இடது தோளோ போன வருடத்திலிருந்து சொன்ன பேச்சைக் கேட்பதில்லை. நாலு கிலோவுக்கு மேல் எதையும் மாட்டக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

அன்று காலை முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு டீச்சர் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"இந்தத் திருவிழாவுக்கு வேற ஆளைப் பாத்துக்கோங்க டீச்சர்."

"என்னாச்சு அண்ணாச்சி?"

"பழைய வாத்தியக் கடையில ஒரு எலெக்ட்ரிக் கிட்டார் கெடக்கு. சத்தம் தேன் மாதிரி. உடம்பெல்லாம் கீறல், பெயிண்டும் போயிருக்கு. அதைக்கூடப் பொறுத்துக்கலாம். நேத்து பக்கத்து இரும்புக் கடையில எடை போட்டேன். அஞ்சு கிலோ இருநூறு."

"கையில தூக்கிப் பாத்தீங்களா?"

"லேசாத்தான் இருந்துச்சு. அதுக்காகத் தராசு பொய் சொல்லுமா?"

டீச்சர் செருப்பை மாட்டிக்கொண்டார். "வாங்க, போவோம்."

கடையில் டீச்சர் அந்தக் கிட்டாரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். முதுகின் நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கீறல்கள்.

"இது எதுல விழுந்தது?"

"பெல்ட்டு பக்கிள் உரசியிருக்கு."

"உக்காந்து வாசிச்சா உரசுமா?"

தொம்மை யோசித்தார். உட்கார்ந்தால் கிட்டார் தொடைக்கு வந்துவிடும். "உரசாது."

"முன்னாடி, வலது கை படுற இடத்துல பெயிண்ட் போயிருக்கே?"

"வாசிச்சு வாசிச்சுத் தேஞ்சது."

"அப்போ யாரோ ஒருத்தர் வருஷக்கணக்கா இதை நின்னே வாசிச்சிருக்காரு. அஞ்சு கிலோவை மாட்டிக்கிட்டு."

"துறைமுகத்துல மூட்டை தூக்குற ஆளா இருப்பான்."

டீச்சர் சிரிக்கவில்லை. "நேத்து எப்படி எடை போட்டீங்களோ அப்படியே போடுங்க."

தொம்மை தன் தோளில் தொங்கிய கிட்டார் பையைக் கழற்றி, கிட்டாரை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார். பக்கத்து இரும்புக் கடைக்குக் கொண்டுபோனதும், கடைக்காரர் சுடலைமணி பையைத் தராசுக் கொக்கியில் மாட்டினார். அஞ்சு கிலோ இருநூறு.

"பாத்தீங்களா?"

"கிட்டாரை வெளிய எடுங்க. வெறும் பையை மாட்டுங்க."

இரண்டு கிலோ.

தொம்மை தராசைத் தட்டினார். "துணிப் பை டீச்சர் இது! ரெண்டு கிலோ எங்கேருந்து வரும்?"

சுடலைமணி பையின் முன்பக்கத்தைத் திறந்து கையை விட்டு, துருப்பிடித்த இரும்புப் பெட்டி ஒன்றை எடுத்தார்.

தொம்மை நாக்கைக் கடித்துக்கொண்டார். அது அவருடைய பெடல். காலால் மிதித்தால் கிட்டாரின் சத்தத்தை மாற்றும். பத்தொன்பது வருடத்துக்கு முன் கஸ்பார் என்கிற கூட்டாளி ஒரு கல்யாணக் கச்சேரிக்கு இரவல் வாங்கிப் போய், மழையில் நனையவிட்டுப் பாழாக்கிக் கொண்டுவந்தார். கேட்டதற்கு, "ஏற்கெனவே இப்படித்தானே இருந்துச்சு" என்றார். கஸ்பார் செய்தது அக்கிரமம். அதில் சந்தேகமே கிடையாது. நாலு பேரிடம் எடுத்துக் காட்ட வேண்டும் என்று தொம்மை அன்றைக்குப் பைக்குள் போட்டது. அதற்குப் பிறகு மூன்று பை கிழிந்துவிட்டது. பெடல் ஒவ்வொரு புதுப் பைக்கும் கூடவே வந்தது.

கிட்டாரை மட்டும் கொக்கியில் மாட்டினார்கள். மூன்று கிலோ இருநூறு.

தொம்மை குனிந்து இரண்டு தடவை பார்த்தார். பிறகு வாரைத் தோளில் போட்டு, இரும்புக் கடை வாசலிலேயே நின்று திருவிழாப் பாட்டின் முதல் அடியை வாசித்தார். கரண்டு இல்லாமல் கம்பிகள் மெதுவாகத்தான் பேசின. முழுப் பாட்டும் வாசித்து முடித்தார். தோள் ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பாடா," என்றார். "மாடத்துல எனக்கு இடம் இருக்குல்லா டீச்சர்?"

"நீங்கதானே வேற ஆளைப் பாக்கச் சொன்னீங்க?"

"அது அஞ்சு கிலோவுல சொன்னது."

இப்போது டீச்சர் சிரித்துவிட்டார்.

சுடலைமணி பெடலைக் கையில் வைத்துத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "இதை என்ன செய்ய அண்ணாச்சி? இங்கனயே போட்டுரவா?"

தொம்மை சட்டென்று கையை நீட்டினார். நீட்டிய கை பாதியில் நின்றது.

"கஸ்பார் செஞ்சது தப்புதானே டீச்சர்?"

"தப்புதான்."

"இன்னைக்கு வரைக்கும் ஒரு மன்னிப்புக் கேக்கலை."

"கேக்கலைதான்."

"அப்போ?"

"சுமக்குற தோள் உங்களோடது அண்ணாச்சி."