கண்ணாகப் பிறந்த செல்

சௌந்தரவல்லி ஆய்வேட்டைத் திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். ஒரு வரியைத் தவிர எல்லாம் முடிந்துவிட்டது. அந்த ஒரு வரியில்தான் அவருக்கு உயிரே இருந்தது.

அவர் செய்த வேலையைச் சொல்வது எளிது, செய்தால் முதுகு ஒடிந்துவிடும். மீன் முட்டை கருவாகி ஆறு மணி நேரம் ஆனதும், அதன் உச்சியில் இருக்கும் ஒரே ஒரு செல்லுக்குச் சிவப்புச் சாயம் ஏற்ற வேண்டும். செல் பெருகப் பெருகச் சாயமும் அதன் பிள்ளைகளுக்குப் போகும். மறுநாள் குஞ்சின் உடம்பில் எது சிவந்திருக்கிறதோ அது அந்தச் செல்லின் வம்சம். அறுபத்துமூன்று முட்டைகளில் பார்த்தார். அறுபத்துமூன்றிலும் சிவப்பு கண்ணில்தான் இருந்தது.

‘இந்தச் செல் கண்ணாவதற்கென்றே பிறந்தது’ என்று எழுதலாமா என்று பேராசிரியர் ரெஜினாவிடம் கேட்டார். ரெஜினா அவரைவிடப் பத்து வயது சின்னவர். அக்கா என்றுதான் கூப்பிடுவார். திட்டும்போதும் அக்காதான்.

அன்றைக்குச் சாயம் ஏற்றிய முட்டை இருக்கிறதா என்று ரெஜினா கேட்டார். மெல்லிய கண்ணாடி ஊசியால் அந்தச் சிவப்புச் செல்லை உறிஞ்சி எடுத்து, அதே வயதுள்ள இன்னொரு முட்டையில், உச்சியில் அல்லாமல் ஓரத்தில் கொண்டுபோய் விட்டார். போய்ச் சாப்பிடுங்கள் என்று அனுப்பிவைத்தார்.

சௌந்தரவல்லிக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் முதல் ஆளாக வந்து நுண்ணோக்கியில் குனிந்தார். குஞ்சின் கண் இரண்டிலும் சிவப்பு இல்லை. வாலில் ஒரு தசையிழை சிவந்திருந்தது. வால் துடிக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து துடித்தது. பார்வையை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை. இத்தனை சின்னது எப்படி அங்கே போய் ஒட்டிக்கொண்டது என்று யோசித்துக்கொண்டே இருந்தார்.

ரெஜினா வந்து பக்கத்தில் நின்றார்.

“ரெண்டு வருஷமா நான் பார்த்தது பொய்யா மேடம்?”

“இல்லக்கா. அறுபத்துமூணும் நிஜம்.”

“அப்ப அந்த வரிய எழுதலாமா?”

ரெஜினா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“இங்க வர்றதுக்கு முன்னாடி இருபது வருஷம் ஒரு பள்ளிக்கூட லேப்ல குடுவை கழுவுனீங்க. தினமும் வந்து எட்டிப் பார்த்தவங்க, நீங்க எதுக்குன்னே பொறந்தீங்கன்னு எழுதியிருப்பாங்க?”