முக்காலியும் பன்னிரண்டு வோல்ட்டும்

"இந்த வண்டி பொய் சொல்லுதுங்க, அம்மிணி" என்றார் நாச்சிமுத்து.

கலாமணி நிமிரவில்லை. ஒரு டிராக்டரின் ஒயர்க் கூட்டத்துக்குள் தலையை விட்டிருந்தாள்.

"வண்டி பேசுச்சுங்களாண்ணா?"

"மீட்டர் பேசுச்சுங்க. எங்க வெச்சாலும் பன்னெண்டு வோல்ட்டுங்குது. ஆனா ஸ்டியரிங் முன்னால அந்த மஞ்ச எச்சரிக்கை லைட்டு அணையவே மாட்டேங்குது."

குரு கலாமணிக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு ஐம்பத்தேழு.

பொள்ளாச்சியில் கார்புரேட்டர் என்றால் நாச்சிமுத்து என்று ஒரு காலம் இருந்தது. எஞ்சின் இருமுவதைக் கேட்டே கோளாறு சொல்லிவிடுவார். பிறகு வண்டிகளுக்குள் கம்ப்யூட்டர் வந்து உட்கார்ந்துகொண்டது. அவருடைய காதுக்கு வேலை போனது.

ஆறு மாதத்துக்கு முன்பு, வீம்பை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு, வெற்றிலைத் தட்டோடு வந்து கலாமணியின் பட்டறை வாசலில் நின்றார். கொஞ்சம் வீம்பு மட்டும் சட்டைப்பையில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்துவிட்டது.

வந்த முதல் நாளே அந்த வீம்புக்குச் சோதனை வந்தது. அறுந்த ஒயர் ஒன்றை அவர் தம் பாணியில் இணைத்தார். வெறும் கையால் ஒரு முறுக்கு, கருப்பு டேப், அதன் மேல் சிவப்பு டேப், அதற்கும் மேல் மெழுகுநூலில் ஒரு முடிச்சு. முப்பது வருடக் கைவண்ணம். கலாமணி அதைக் கத்தரியால் வெட்டிப்போட்டு, ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சொன்னாள்.

ஏன் என்று அவள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. சட்டைப்பை வீம்பு விடவில்லை.

இன்றைய வண்டி இருபது வயதான நீல நிறக் கார். நடக்க முடியாத குழந்தைகளுக்குக் கிராமம் கிராமமாகப் போய்ப் பயிற்சி கொடுக்கும் ரெஜினாவுடையது. புகைச் சோதனையில் இரண்டு முறை தேறவில்லை. இன்றைக்கு மூன்று மணிக்கு மறுபடி சோதனை. இதிலும் தேறாவிட்டால் வண்டியை இரும்புக்கடைக்குப் போட்டுவிடுவதாகக் கண் கலங்கச் சொல்லிவிட்டுப் போனாள். "அதெப்படீங்க போடுவீங்க, நான் இருக்கறப்ப!" என்று நாச்சிமுத்து மார் தட்டியிருந்தார்.

இப்போது மணி பன்னிரண்டரை. மார் தட்டிய கையில் மீட்டர் இன்னும் பன்னிரண்டையே காட்டிக்கொண்டிருந்தது.

கோளாறு என்னவோ சின்னதுதான். சைலன்சர் குழாயில் உட்கார்ந்து புகையை மோந்து பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் ஒன்று உண்டு. சூடாக இருந்தால்தான் அதன் மூக்கு வேலை செய்யும். சூடேற்ற அதற்குள்ளேயே ஒரு குட்டி ஹீட்டர். அந்த ஹீட்டருக்குக் கரண்ட் போகவில்லை என்றது கம்ப்யூட்டர். போகிறது என்றது மீட்டர். நடுவில் கிடந்து நாச்சிமுத்து அல்லாடினார்.

"சென்சாருங்கண்ணா?"

"ரெண்டு மாத்திட்டனுங்க."

"பியூசு?"

"நல்லாருக்குதுங்க."

"ஒயர எப்படிப் பாத்தீங்க?"

"சென்சார் சாக்கெட்டக் கழட்டிட்டு, வர்ற ஒயர்ல மீட்டர வெச்சனுங்க. பன்னெண்டு, சுத்தமா பன்னெண்டு!"

கலாமணி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மூலையில் கிடந்த முக்காலியைக் கொண்டுவந்து, சாக்குக் குவியலுக்கு முன்னால் வைத்தாள்.

"இது எப்படீங்கண்ணா இருக்குது?"

நாச்சிமுத்து குனிந்து பார்த்தார். சுற்றி வந்து பார்த்தார்.

"மூணு காலும் இருக்குது. ஆடாம நேரா நிக்குது. நல்ல முக்காலிதானுங்க."

"சரி, உக்காருங்க."

உட்கார்ந்தார்.

ஒரு கால் படக்கென்று மடங்கியது. சீடர் சாக்குக் குவியலில் மல்லாந்தார்.

"ஏனுங்கம்மிணி, நேரம் ஓடுது! வெளையாடற நேரமுங்களா இது?"

கலாமணி ஏற்கெனவே டிராக்டருக்குள் போய்விட்டிருந்தாள்.

சாக்கில் கிடந்தபடியே நாச்சிமுத்து அந்த முக்காலியை எட்டி எடுத்தார். ஓட்டையைவிட்டு வந்த காலைத் திரும்பச் செருகி நிறுத்தினார். நின்றது. பழையபடி, ஆடாமல், நேராக.

முக்காலியைப் பார்த்தார். காரைப் பார்த்தார். மறுபடி முக்காலியைப் பார்த்தார்.



எழுந்து ஓடினார். ஐம்பத்தேழு வயதில் ஓடக்கூடாத ஓட்டம். பழைய சாமான் பெட்டியைக் கவிழ்த்து ஒரு ஹெட்லைட் பல்பை எடுத்தார். இரண்டு துண்டு ஒயரைப் பற்றவைத்து, ஹீட்டர் இருக்க வேண்டிய இடத்தில், ஒயர் மேல் ஓர் ஆளை உட்காரவைப்பது போல, அந்தப் பல்பை மாட்டினார். சாவியைத் திருப்பினார்.

கண் கூச வேண்டிய பல்பு, அணையப்போகிற பீடி மாதிரிச் சிவந்தது.

பல்பு மாட்டியபடியே மீட்டரை வைத்தார்.

"மூணு! அம்மிணி, மூணு வோல்ட்டு! பன்னெண்டெல்லாம் இல்லீங்க, மூணேதான்!"

லாட்டரி விழுந்தவன்கூட அப்படிக் கத்தியிருக்கமாட்டான். பக்கத்து டயர்க் கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

பல்பை எரியவிட்டே ஒயரைத் தொடர்ந்து போனார். பியூஸ் பெட்டியில் பன்னிரண்டு. பேட்டரித் தட்டின் கீழே பன்னிரண்டு. அதைத் தாண்டி ஒரு சாண் தள்ளி, மூன்று. அந்த ஒரு சாணுக்குள், எண்ணெய் அழுக்கு மூடி, ஒயரில் ஒரு புடைப்பு இருந்தது.

"மாட்டுனான் பாருங்க! எந்தப் பாவி இவன்? பத்த வெக்காம வெறுங்கையில முறுக்கிச் சுத்தியிருக்கறான். இவனக் கண்டா கைய ஒடிக்கோணுமுங்க!"

துணியில் பெட்ரோல் நனைத்து அழுக்கைத் துடைத்தார்.

சிவப்பு டேப் தெரிந்தது.

இன்னும் கொஞ்சம் துடைத்தார். மெழுகுநூல் முடிச்சு தெரிந்தது.

முடிச்சை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்தார்.

"இந்த வண்டி" என்று மெல்லக் கேட்டார், "முன்னால வெள்ளையா இருந்துச்சுங்களா?"

"ரெஜினா வாங்கறதுக்கு முந்தி வெள்ளைதானுங்கண்ணா."

"எலி கடிச்சுதுன்னு என்கிட்டத்தான் வந்துச்சுங்க. பன்னெண்டு வருசமிருக்கும்."

முடிச்சை அவிழ்த்தார். உள்ளே செம்பு பச்சைப் பொடியாகக் கொட்டியது. முப்பது இழைகளில் இரண்டே இரண்டுதான் ஒட்டிக்கொண்டிருந்தன. பாரம் ஏற்றாதவரை அந்த இரண்டும் காலையிலிருந்து அவரிடம் பன்னிரண்டு, பன்னிரண்டு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கின்றன.

கலாமணி கடிகாரத்தைப் பார்த்தாள்.

"கைய இப்பவே ஒடிக்கறதுங்களா, மூணு மணிக்கு மேல ஒடிச்சுக்கலாமுங்களா?"

நாச்சிமுத்துவுக்குச் சிரிப்பு பீறிட்டது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். சிரித்துக்கொண்டே கத்தரியை எடுத்து, தம் பழைய இணைப்பைத் தாமே வெட்டி எறிந்தார். ஈயம் வைத்துப் பற்றவைத்தார். மறுபடி பல்பை மாட்டினார். பட்டறைச் சுவர் வெள்ளையாகப் பளிச்சிட்டது.

மூன்றரைக்கு ரெஜினாவின் போன் வந்தது. பேச்சு ஒன்றும் புரியவில்லை, அழுகையும் சிரிப்புமாக இருந்தது. வண்டி தேறிவிட்டது என்பது மட்டும் புரிந்தது.

நாச்சிமுத்து அந்தப் பல்பைக் கழற்றி, ஒயர் தொங்கத் தொங்கச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். மொபெட்டை உதைத்துக் கிளப்பினார்.

"எங்கீங்கண்ணா கெளம்பிட்டீங்க? டீ சொல்லியிருக்கறன்."

"ஊருக்குள்ள என்ற முடிச்சு இன்னும் எத்தன வண்டியில நேரா நிக்குதோ, அம்மிணி!"