ஒரு குடம் தண்ணீரும் உப்பு எள்ளும்

முன்னொரு காலத்தில், எந்த நாடு என்று கேட்காதீர்கள், கடலைப் பார்த்துவிட்டு வந்த ராஜாவுக்கு ஒரு விபரீத ஆசை பிறந்தது. கடல்நீரில் ஊறிய எள்ளில் உப்பே தெரியாத எள்ளுருண்டை வேண்டுமாம்.

"ஒரே குடம் நல்ல தண்ணீரில் கழுவட்டும். சாத்தப்பனால் முடியாததா?" என்று அமைச்சர் பல்லவராயர் தேனொழுகச் சொன்னார். "தவறினால் உப்பளக் காவலுக்கு அனுப்பிவிடலாம். அங்கே கொக்குகளைச் சிரிக்க வைக்கட்டும்."

சபை சிரித்தது. விகடகவி சாத்தப்பனும் சிரித்தார். மனைவி போன பிறகு அவர் வீட்டில் பேசினால் பதில் பேச ஆளில்லை. மனிதக் குரல் காதில் விழுவது இந்தச் சபையில்தான். அதற்காகவே கதவு திறக்கும் முன்பே வந்து நிற்கிறார் என்று காவலாளிகளுக்குள் கேலி வேறு.

"முடியாதென்பதை நானே காட்டுகிறேன்" என்று பல்லவராயர் முந்திக்கொண்டார். நாலு சொம்பு கொள்ளும் குடத்தை எள்ளில் அப்படியே கவிழ்த்து, கலக்கி, கூடையில் வடித்தார். வாயில் போட்ட ராஜா முகத்தைச் சுளித்தார்.

சாத்தப்பனுக்கு வேறு எள்ளும் வேறு குடமும் வந்தன.

"அரசே, ஒரு குடம் என்பதுதானே ஆணை? ஒரு தடவை என்று இல்லையே?"

"இல்லை."

ஒரு சொம்பு ஊற்றிக் கலக்கினார். சொட்டு நிற்கும்வரை வடித்தார். மறுபடி ஒரு சொம்பு. குடம் காலியானது. ராஜா மென்றார், இன்னொரு பிடி அள்ளினார்.

"எப்படி ஐயா?"

"எவ்வளவு வடித்தாலும் எள் ஒரு சொம்பு உப்புநீரை விடாமல் பிடித்துக்கொள்ளும், அரசே. நான் ஒரு சொம்பு சேர்த்தால் உப்பு சரிபாதியாகும். வடித்தால் பாதி வெளியே. நாலு தடவையில் பதினாறில் ஒரு பங்கு, வீசம்தான் மிச்சம். அமைச்சர் நாலையும் சேர்த்துக் கொட்டியதில் ஐந்தில் ஒரு பங்கு தங்கிவிட்டது. மனதில் உள்ளதையும் அவர் ஒரே மூச்சில்தான் கொட்டுவார்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "உப்பளம் ரத்து. என்ன பரிசு வேண்டும், கேளும்."

"அந்திக்கு யாராவது ஒருவர் வந்து என் வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும், அரசே."

இதற்குத்தான் சபை விழுந்து விழுந்து சிரித்தது. ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு பொற்சங்கிலியை அவர் கழுத்தில் போட்டார்.

அந்தியில் சாத்தப்பன் தனியாகச் சோறு வடித்தார். அன்றைய கூத்தை முதலிலிருந்து சுவருக்குச் சொன்னார். ஜனம் சிரிக்கும் இடம் வந்ததும், வழக்கம்போல, சற்று நிறுத்தினார்.