படகில் கூடிய சபை

முன்னொரு காலத்தில், நமக்கு வெயில் கொளுத்தும்போது குளிரில் நடுங்குகிற தென்கடல் நாடு ஒன்றைச் சித்திரசேனன் என்ற ராஜா ஆண்டுவந்தான். சச்சரவு என்றாலே அவனுக்குத் தலைவலி. அதனால் ஒரு சட்டம் போட்டிருந்தான்: சபையில் யாராவது எழுந்து வெளியே போனால், அந்தப் பேச்சை அத்தோடு விட்டுவிட வேண்டும். நல்ல சட்டம்தான், போங்கள்!

தாண்டவராயர் என்ற பிரபுவுக்கு அமைச்சர் பதவிமேல் நெடுநாளாகக் கண். அமைச்சர் அறவாழி “பெரிய ஏரியின் கரையை உயர்த்த...” என்று வாயைத் திறந்தால் போதும், அங்கவஸ்திரத்தை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளிநடப்பு செய்துவிடுவார். வாசலில் அவருடைய ஆட்கள் கைதட்டுவார்கள். “இந்த அமைச்சரால் ஒரு காரியமும் ஆகாது” என்று ஊரே பேச ஆரம்பித்தது. ஏரிக்குக் கீழே இருந்த புன்னைக்குடி மக்களோ, கரையில் நீர் கசிவதைப் பார்த்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். மழை வேறு நெருங்கிவிட்டது.

“மகாராஜா, சபையில் புழுக்கமாக இருக்கிறது. இன்று ஏரியில், படகில் கூடலாமே?” என்றார் அறவாழி.

ராஜாவுக்கு ஒரே குஷி. நடு ஏரிக்குப் போனதும் அறவாழி கரைப் பேச்சை எடுத்தார். தாண்டவராயர் விருட்டென்று எழுந்தார். படகு ஆடியது. சுற்றிலும் தண்ணீர். மெல்ல உட்கார்ந்தார்.

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தான். “என்ன ராயரே, போகவில்லையா?”

“எனக்கு நீச்சல் தெரியாது, மகாராஜா.”

“அப்படியானால் வாயைத் திறந்து சொல்லும். திட்டத்தில் என்ன குறை?”

ராயர் முனகினார். “உபரி நீர் வெளியேறும் கலிங்கு மண் மூடிக் கிடக்கிறது. அதைத் திறக்காமல் கரையை எவ்வளவு உயர்த்தினாலும் உடையும்.”

அறவாழியின் முகம் வெளுத்தது. அத்தனையும் உண்மை.

“இதை ஏன் முன்பே சொல்லவில்லை?” என்று ராயரைக் கேட்டான் ராஜா.

“சொன்னால் கரை நிற்கும். அமைச்சரும் நிற்பார்.”

ராஜாவின் சிரிப்பு அடங்கிவிட்டது. அறவாழி பக்கம் திரும்பினான். “நீர் ஏன் இவரைக் கேட்கவில்லை?”

“கேட்டால் நல்ல பெயர் இவருக்குப் போய்விடுமே என்று...” இழுத்தார் அறவாழி.

எனக்கு இந்த இடத்தில்தான் ஆத்திரம் வரும். இரண்டு பேருமே கெட்டிக்காரர்கள். மூழ்கப்போவது மட்டும் புன்னைக்குடி.

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அறவாழிக்குப் போட்டான். “இது படகு யோசனைக்கு. தலைவலிக்குப் பயந்து நான் போட்ட சட்டம் இன்றோடு ஒழிந்தது. இனி எழுந்து போகிறவர் காரணத்தைச் சொல்லிவிட்டுப் போகட்டும். இன்னொன்று, மழை ஓயும்வரை நீங்கள் இருவரும் பெண்டு பிள்ளைகளோடு புன்னைக்குடியிலேயே குடியிருக்க வேண்டும்.”

அன்று மாலையே கலிங்கில் மண்வெட்டிச் சத்தம் கேட்டது. பெரிய மண்கூடை ஒன்றை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, மேகத்தை நிமிர்ந்து பார்த்தபடி ஓடிய இருவர் யாரென்று நான் சொல்லவும் வேண்டுமா?