ஏழு பானை உப்பு

"பொண்ணு கொடுத்துப் பொண்ணு எடுத்த நாடுங்க. இப்ப எதுக்கு சாமி வெட்டிக்கிட்டுச் சாகணும்?"

கணவாய் மடத்து வாசலில் நின்று வேலாத்தா கேட்டாள். மடத்துத் துறவி அவளைவிடப் பத்து வயது இளையவர். அடுப்பில் கஞ்சியைத் துழாவிக்கொண்டிருந்தார்.

அவளுடைய ஒரே மகன் செங்கோடன் நாளை மறுநாள் படையோடு போகிறான். மூன்று நாளாக அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

துறவி உட்காரச் சொன்னார். அரண்மனையில் என்ன காரணம் சொல்கிறார்கள் என்று கேட்டார்.

அவள் மூச்சுவிடாமல் சொன்னாள். கணவாய்க்கு அந்தப் பக்கம் கடல் நாடு. உப்பு அங்கிருந்துதான் வரவேண்டும். அவர்கள் தின்னும் அரிசி இந்த மலை நாட்டிலிருந்துதான் போகவேண்டும். கடல் நாட்டுக்காரன் உப்பைத் தடுத்துவிட்டானாம். விலை ஆறு மடங்கு ஏறிவிட்டது. போதாததற்குச் சுங்கத்தையும் உயர்த்தினான். நம் அரசர் கணவாய்க்குப் படை அனுப்பினார். அவனும் அனுப்பினான்.

"அங்கேயும் முரசு அறைஞ்சாங்களாம்" என்றார் துறவி. "நாம அரிசியைத் தடுத்துட்டோமாம்."

"பச்சைப் பொய் சாமி. போன வாரம்கூட நாற்பது வண்டி போச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"உப்பு வண்டி?"

"அது வருது. வந்த வேகத்துல தீர்ந்துடுது."

துறவி அவளுக்கு ஒரு கிண்ணம் கஞ்சி ஊற்றினார். ஒரு வாய் குடித்தவள் முகத்தைச் சுளித்தாள்.

"உப்பே இல்லையே."

"கடையில இல்லம்மா. ஒரு மாசமா இப்படித்தான்."

வேலாத்தாவுக்கு மனசு கேட்கவில்லை. தன் வீட்டில் இருக்கிறது, நாளைக்கே ஒரு படி கொண்டுவந்து தருகிறேன் என்றாள்.

"எவ்வளவு வச்சிருக்கீங்க?"

அவள் சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள்.

"ஏழு பானை. மாட்டுக்கொட்டகையில புதைச்சிருக்கேன். நான் மட்டுமா? எங்க தெருவுல புதைக்காத வீடே இல்ல."

"எப்போ புதைச்சீங்க?"

"போன தையில."

"அப்போ என்ன விலை?"

"பழைய விலைதான்."

"பிறகு ஏன் புதைச்சீங்க?"

"சண்டை வரும்னு சந்தையில பேசிக்கிட்டாங்க. அதனாலதான்..."

வேலாத்தா பாதியில் நிறுத்தினாள்.

துறவி தன் கிண்ணத்தை எடுத்துக் குடிக்கத் தொடங்கினார்.

அவள் கேட்டாள். "இப்ப எல்லாத்தையும் தோண்டி வித்துட்டா படை திரும்பிடுமா சாமி?"

"தெரியாது. கஞ்சிக்கு உப்பு இருக்கும்."

அவள் மீதியை ஒரே மடக்கில் குடித்தாள். கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு மலையிறங்கினாள்.

வீட்டு வாசலில் செங்கோடன் ஈட்டி முனையைத் தீட்டிக்கொண்டிருந்தான்.

"அதைக் கீழே வை" என்றாள். "கடப்பாரையை எடுத்துக்கிட்டுக் கொட்டகைக்கு வா. பொழுது சாயறதுக்குள்ள ஏழு பானையும் சந்தையில இருக்கணும்."