ஒழுகாத கட்டுமரம்

சத்தியநேசன் கதவு செய்தால் இடுக்கில் எறும்பு நுழையாது. ஊரே ஒத்துக்கொண்ட சங்கதி அது. ஆனால் ஒரே மகளைக் கடற்கரையில் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து மனிதருக்குத் தூக்கம் போயிற்று. மருமகன் கிளிட்டஸ் கடலுக்குப் போவது நாலு மரத்தடியைக் கயிற்றால் கட்டிய ஒன்றில். தடிக்கும் தடிக்கும் நடுவே விரல் போகும்!

மருமகனுக்கு உருப்படியான கட்டுமரம் ஒன்றைத் தாமே செய்து கொடுத்துவிடுவது என்று முடிவுகட்டி, ஐம்பத்தைந்து வயதில் கட்டுமரம் கட்டும் ததேயு ஆசானிடம் தொழில் கற்க வந்தார். ஆசானுக்கு முப்பத்திரண்டு வயது.

ஆசான் தடி செதுக்கவும் கயிறு கட்டவும் சொல்லிக்கொடுத்தார். சிஷ்யர் அதோடு நிற்பாரா? ஆசான் இல்லாத நேரம் பார்த்து, இடுக்கு முழுக்கப் பஞ்சும் குங்கிலியமும் திணித்து அடைத்துவிட்டார். ஆசான் திரும்பி வந்ததும், மேலே ஒரு குடம் தண்ணீர் ஊற்றிக் காட்டினார்.

"பாத்தியளா ஆசான்? ஒரு சொட்டு எறங்கல்ல."

"அம்மாடி! நல்ல வேலையாக்கும்," என்றார் ததேயு. "வாங்க அண்ணாச்சி, கடல்ல ஒரு ஓட்டம் போயிட்டு வருவோம்."

முதல் அலை மரத்தின் மேல் ஏறியது. ஏறிய தண்ணீர் இறங்க வழியில்லாமல் நடுவில் கணுக்கால் அளவு நின்றது. இரண்டாவது அலை அதற்குத் துணைக்கு வந்தது. மரம் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"கோரி ஊத்துங்க அண்ணாச்சி."

சத்தியநேசன் இரண்டு கையாலும் கோரினார். தோள் துண்டை முக்கி முக்கிப் பிழிந்தார். கடல் சளைக்கவில்லை.

ததேயு சிரித்துக்கொண்டே மடியிலிருந்த கத்தியை எடுத்து ஓர் இடுக்கைச் சுரண்டினார். நின்ற தண்ணீர் மடமடவென்று கீழே இறங்கிற்று. மரம் நிமிர்ந்தது. அடுத்த அலையும் ஏறியது, அதே இடுக்கு வழியாகப் போய்ச் சேர்ந்தது.

போனதோடு விட்டதா? கீழிருந்து பொங்கிய தண்ணீர் சத்தியநேசனின் வேட்டியை நனைத்தது.

"ஆசான், தண்ணி ஏறுது! எம் மருமவன் இதுல எப்பிடிப் போவான்?"

"எங்க ஏறுது?"

"உள்ளயாக்கும்!"

"உள்ள எதுன்னு காட்டுங்க."

சத்தியநேசன் விரலை நீட்டினார். மேலே வெயில், கீழே கடல், நடுவில் நாலு தடி. நீட்டிய விரல் நீட்டியபடி நின்றது.

"மெதக்கது தடியாக்கும், அண்ணாச்சி. தண்ணி நெறஞ்சு முங்கணும்னா உள்ளன்னு ஒரு எடம் வேணும்லா?"

சத்தியநேசன் ஆசான் கையிலிருந்த கத்தியை வாங்கி அடுத்த இடுக்கைச் சுரண்ட ஆரம்பித்தார்.