இரண்டு பேர் சங்கமும் செம்மண் பொட்டும்

சுனைமலையில் மழைக்காலம் வந்துவிட்டால் பொந்துக்குத்தான் அடிதடி. கீழே ஏரி நிரம்பிக் காட்டை விழுங்கிவிடும். முயல் முதல் யானை வரை எல்லோரும் மேலே ஏறி வந்துவிடுவார்கள்.

பொந்துகளைக் கொடுப்பதும் காலி செய்வதும் எறும்புதின்னியான அழுங்கின் வேலை. உடம்பெல்லாம் செதில், முகமெல்லாம் சலிப்பு. அதன் சட்டம் ஒன்றுதான். 'இவர் எனக்கு வேண்டும்' என்று யாராவது ஒருவர் சொல்லிவிட்டால் பொந்து உங்களுடையது.

இந்தச் சட்டத்தில் நன்றாகக் குளிர் காய்ந்தவர்கள் நரியும் உடும்பும். இருவரும் ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். நரி தலைவர், உடும்பு செயலாளர், உறுப்பினர் என்று யாரும் கிடையாது. காலையில் நரி உடும்புக்குத் தேக்கிலைப் பொன்னாடை போர்த்தும். மாலையில் உடும்பு நரிக்குப் போர்த்தும். அழுங்கு விசாரிக்க வந்தால், உடும்பார் இல்லாமல் மலையே இல்லை என்று நரி அடித்துச் சொல்லும். தலைவர் இல்லாமல் நானே இல்லை என்று உடும்பு கண் கலங்கும். ஆளுக்கொரு பொந்து, பொன்னாடைகளை அடுக்கிவைக்க இன்னொரு பொந்து. இதைத் தவிர இருவரும் ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை.

அந்த வருடம் ஒரு முள்ளம்பன்றி நிறைமாத வயிற்றோடு மலையேறி வந்தது. எல்லாப் பொந்திலும் ஆள் இருந்தது.

"அண்ணே, இன்னைக்கோ நாளைக்கோன்னு இருக்கேன். குட்டிங்களை மழையிலயா போடுறது?"

அழுங்குக்கு மனசு கேட்கவில்லை. பொன்னாடைப் பொந்தையாவது விடச் சொல்லி நரியிடம் கெஞ்சியது. அது சங்கத்தின் சொத்து, பொதுக்குழுதான் முடிவெடுக்க வேண்டும் என்றது நரி. பொதுக்குழு அங்கேயே கூடியது. முடியாது என்று ஒருமனதாகத் தீர்மானம் போட்டது.

அப்போதுதான் அழுங்குக்குத் தன் சட்டத்தின் லட்சணம் புரிந்தது. நேராக யானையிடம் போனது. மலை மொத்தமும் அந்த யானையை நம்பித்தான் இருந்தது.

"அக்கா, நாளைக்குக் காலையில யாரைக் காணோம்னா நீங்க தேடுவீங்க?"

மழையில் நிற்கிற பிள்ளைத்தாச்சியைத்தான் முதலில் தேடுவேன் என்றது யானை. அப்புறம் தன் முதுகில் உண்ணி பொறுக்கும் மைனாவை. அழுங்கு யானைக்கும் அந்த இருவருக்கும் நெற்றியில் செம்மண் பொட்டு வைத்தது. பிறகு மைனாவிடம் அதே கேள்வி. மைனா, பருந்து வந்தால் கத்திச் சொல்லும் அணிலைக் காட்டியது. அணில் குரங்கைக் காட்டியது. இப்படியே பொட்டு ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போனது. முயல் தன் குட்டிகளைக் காட்டியது. சாணிவண்டைக்கூட ஒருவர் காட்டினார், அது இல்லாவிட்டால் மலை நாறிவிடும் என்று.

நடுவில் இடம் மாறினால் யாராவது விட்டுப்போவார்கள் என்பதால், பொட்டு வைத்து முடியும்வரை யாரும் அசையக் கூடாது என்று உத்தரவு. முயல் வாயில் புல்லோடு நின்றது. குரங்கு சொறியத் தூக்கிய கையோடு நின்றது.

கடைசியில் இரண்டு நெற்றிகள் மட்டும் வெறுமையாக இருந்தன.

"எங்களுக்குப் பொட்டு?" என்றது நரி.

"உங்களை யாரும் காட்டலையே."

"உடும்பார் என்னைத் தேடுவாரே."

"உடும்பை யாரு தேடுவாங்க?"

"நான்."

"உங்களை?"

"அதான் உடும்பார்னு சொன்னேனே."

அழுங்கு பெருமூச்சு விட்டது. "சரி, ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டே கிளம்புங்க."

மூன்று பொந்தும் காலியாயின. முள்ளம்பன்றி பொன்னாடைப் பொந்தைத்தான் கேட்டு வாங்கியது. படுக்கைக்கு இலை தேடி அலைய வேண்டியதில்லை. அன்று மாலையே மெத்தென்ற பொன்னாடைகளின் மேல் குட்டிகள் பிறந்தன. வெளியே மழையில் கண்டனக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தலைவர் பேசினார், செயலாளர் கைதட்டினார்.

கணினியின் நினைவகத்துக்குள்ளும் இப்படி ஓர் அழுங்கு சுற்றிவருகிறது. ஓடுகிற நிரலிலிருந்து தொடங்கி எந்த வழியாகவும் போய்ச் சேர முடியாத தரவுப் பொருள்கள், ஒன்றையொன்று எவ்வளவு இறுகப் பிடித்திருந்தாலும் அது துடைத்து இடத்தைக் காலி செய்துவிடும்.

நீதி: ஒருவர் முதுகை ஒருவர் சொறிந்துகொண்டால் அரிப்பு அடங்கும், ஊரில் இடம் கிடைக்காது.